ஓக்புன் வைத்த பார்லி

பார்லியை ஒரு கொதி தனியாக வேகவைத்து ஓக்புன் வடித்துக்கொண்டிருந்தபோது மாமனார் சமையலறை வாசலில் வந்து நின்றார். எண்பத்துமூன்று வயதிலும் அந்த வாசனை அவருக்குத் தப்பவில்லை. அவள் கையிலிருந்த வடிகூடையை வாங்கி, பின்கதவைத் திறந்து கோழிகளுக்குக் கொட்டிவிட்டுப் போனார்.

கிம்ஜே சமவெளியில் கண்ணுக்கெட்டிய மட்டும் நெல்தான். அந்த வீட்டில் வெள்ளைச் சோறு தவிர வேறெதுவும் வேகக்கூடாது என்பது முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், அவள் வாக்கப்பட்டு வந்த அன்றே சொல்லப்பட்டது. அவளும் மீறியதில்லை. ஆனால் போன வாரம் டாக்டரம்மா அவளுடைய ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, சர்க்கரை ஏறிக் கிடக்கிறது, வெள்ளைச் சோற்றை விடு என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். இதே வியாதியில் தன் அம்மாவுக்கு முதலில் விரல்களையும் பிறகு பாதத்தையும் எடுத்ததை ஓக்புன் பக்கத்தில் இருந்து பார்த்தவள்.

மறுநாள் அவருக்கு வெள்ளைச் சோறு வைத்துவிட்டு, தனக்கென்று சின்னக் குக்கரில் தீட்டாத அரிசி, பார்லி, சோளம், ஊறிய கறுப்புப் பயறு எல்லாம் கலந்து வைத்தாள். ஒரே வீட்டில் இரண்டு உலை கொதித்தால் இரண்டு குடும்பம் என்று அர்த்தம் என்றார் மாமனார். புருஷன் சாங்சிக் அவளைத் தனியே அழைத்து, அப்பா கண்ணில் படாமல் பின்கட்டில் வைத்துச் சாப்பிடேன் என்று கெஞ்சினான். மூன்று நாள் அப்படியே நின்றுகொண்டு சாப்பிட்டாள். தன் வீட்டிலேயே திருடித் தின்கிற மாதிரி இருந்தது. நாலாம் நாள் கிண்ணத்தை எடுத்துவந்து எல்லோரோடும் சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

மாமனார் அந்தக் கிண்ணத்தையே பார்த்தார். பிறகு, அவள் அதுவரை கேட்டிராத தணிந்த குரலில் பேசினார்.

"என் தங்கச்சிக்கு அப்ப ஆறு வயசு. வீட்டுல நெல்லு தீந்துபோச்சு, பார்லி இன்னும் முத்தல. பச்சையாவே உருவித் தின்னா. வயிறு வீங்கிச் செத்தா. அந்தப் பார்லிச் சனியன் என் கண்ணு முன்னால வரக்கூடாது."

சாங்சிக் தலையைக் குனிந்துகொண்டான். ஓக்புனுக்குக் கிண்ணத்தைப் பின்கட்டுக்கே எடுத்துப்போய்விடலாம் என்றுகூடக் கை நகர்ந்தது. நகர்ந்த கையை நிறுத்தினாள்.

"அது பசியில செத்துச்சு மாமா. நான் உங்க சோத்தத் தின்னு சாகணுமா?"

"ஏய்," என்றான் சாங்சிக்.

"நீங்க சும்மா இருங்க. முப்பத்தொரு வருஷமா இந்த வீட்டுக்கு ஒலை வச்சவ நானு. என் வயித்துக்கு என்ன வேகணும்னு நான்தான் சொல்லுவேன்."

கிழவர் தன் கரண்டியை எடுத்தார். அதைத் தன் வெள்ளைச் சோற்றின் நடுவில் செங்குத்தாக நட்டார். செத்தவர்களுக்குப் படைக்கும் சோற்றில்தான் அப்படி நடுவார்கள். அது செத்த தங்கைக்கா, அவருக்கேவா, இல்லை அவளுக்கா என்று சொல்லாமல் எழுந்து வெளியே போனார்.

ஓக்புன் எட்டி அந்தக் கரண்டியைப் பிடுங்கி, ஒட்டியிருந்த பருக்கைகளைத் துடைத்து, அவர் கிண்ணத்துக்குப் பக்கத்தில் படுக்கவைத்தாள். சோறு ஆறாமலிருக்க ஒரு தட்டால் மூடினாள். பிறகு தன் கிண்ணத்தை இழுத்துக்கொண்டு சாப்பிடத் தொடங்கினாள். பார்லி வழுக்கி வழுக்கிப் பல்லுக்குத் தப்பியது. ஒவ்வொரு பருக்கையாகத் தேடிப்பிடித்து, வாசலுக்குக் கேட்கும்படி மென்றாள்.