நீலக் கூடாரத்தில் ஒரு நத்தை

பிரச்சாரத்துக்குப் போன இடத்தில்தான் அவளுக்குக் கால் முறிந்தது. அடுக்குமாடி ஒன்றில் வீடு வீடாகத் துண்டறிக்கை கொடுத்துவிட்டு இறங்கும்போது ஈரப் படி வழுக்கிவிட்டது. அவள் வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடையில் விடுப்பு கொடுத்தார்கள். கட்சியில் அப்படி ஒன்று கிடையாது. இணையப் பிரச்சாரத்தைக் கவனிக்கும் பெண் வீட்டுக்கே வந்துவிட்டாள். கழுத்தில் எந்நேரமும் சார்ஜர் கம்பி தொங்குவதால் கட்சியில் எல்லோருக்கும் அவள் ‘வயர்’.

“அக்கா, நீங்க படுத்துக்கிட்டே ஓட்டு கேக்கலாம். சின்ன வயசுக்காரங்க எல்லாம் இப்ப இந்த ஆன்லைன் விளையாட்டுலதான் கிடக்குறாங்க. அதுக்குள்ள நாம ஒரு கூடாரம் போட்டிருக்கோம். சாயங்காலத்துல நீங்க அங்க நின்னா போதும்.”

“கால் உடைஞ்சவளப் போய் நிக்கச் சொல்றியே.”

“பொம்மைதான்க்கா நிக்கும்.”

மடிக்கணினியில் விளையாட்டை ஏற்றிக் கொடுத்தது மகள்தான். செவிலியர் பயிற்சியில் இருப்பவள். இந்தத் தேர்தலில்தான் முதல் ஓட்டு. எதை அழுத்தினால் நடக்கும், எதை அழுத்தினால் குதிக்கும் என்று காட்டிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள். அவள் யாருக்கு ஓட்டுப் போடுவாள் என்று அம்மா கேட்டதில்லை. கேட்க வேண்டிய விஷயமாக அது தோன்றியதே இல்லை.

அது ஒரு தீவு. கடலோரத்தில் கட்சியின் நீலக் கூடாரம், அதன் மேல் வேட்பாளரின் பெரிய சிரித்த முகம். வருகிறவர்களுக்கு நீலத் தொப்பி இலவசம். தொப்பியை வாங்கிக்கொண்டு நேரே போய்க் கடலில் குதித்தார்கள். முதல் நாள் அவளும் தெரியாமல் கடலுக்குள் நடந்துவிட, கரடி உருவத்தில் விளையாடிய யாரோ அவளை இழுத்துக் கரையில் போட்டார்கள். நன்றி சொல்லிவிட்டு, “உங்களுக்கு ஓட்டு இருக்கா?” என்று தட்டினாள். “எனக்குப் பல்லே இன்னும் முழுசா முளைக்கல ஆன்ட்டி” என்று பதில் வந்தது. கண்ணாடிக் கடையில் வருகிறவரின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் பேச்சு வந்துவிடும். இங்கே முகமே இல்லை. வயர் கொடுத்திருந்த தயார்ப் பதில்களை எடுத்து எடுத்து ஒட்டினாள்.

அப்போதுதான் நத்தை வந்தது. தொப்பி வாங்கவில்லை. கூடாரத்தைச் சுற்றி ஊர்ந்துவிட்டு அவள் பக்கத்தில் நின்றது. மறுநாளும் வந்தது.

“உங்களுக்கு இது அலுக்கலையா?” என்று எழுதியது.

“பழகிடுச்சு. உங்களுக்கு ஓட்டு இருக்கா?”

“இருக்கு. இருங்க, தும்மல்.”

சுவருக்கு அந்தப் பக்கம் மகள் தும்மினாள். அவள் எப்போதும் அடுக்கித்தான் தும்முவாள். ஒன்று, உடனே இன்னொன்று, பிறகு மூன்றாவது. அம்மாவின் கை விசைகளின் மேல் அப்படியே நின்றுவிட்டது. கூடாரத்தில் நிற்பது யாரென்று மகளுக்குத் தெரியும். தெரிந்துதான் வந்திருக்கிறாள், தெரிந்துதான் ‘நீங்க’ என்று எழுதுகிறாள்.

கூப்பிடலாமா என்று நினைத்தாள். கூப்பிடவில்லை.

“எங்க அம்மா உங்க கட்சி,” என்று நத்தை எழுதியது. “நான் எதிர் அணிக்குப் போடப் போறேன். அவங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

“ஏன்னு கேக்கலாமா?”

பதில் மொத்தமாக வந்தது. “உங்க வேட்பாளர் எங்க ஆஸ்பத்திரிக்கு வந்தார். நான் ஒரு பாட்டிக்கு ஊட்டிட்டு இருந்தேன். போட்டோவுக்கு மறைக்குதுன்னு என்னை நகரச் சொன்னாங்க. கிண்ணத்தோட மூலையில நின்னேன். கஞ்சி ஆறிப்போச்சு. அவர் அந்தப் பாட்டிகிட்ட ஒரு வார்த்தை பேசல.”

அந்த வருகையை ஏற்பாடு செய்தது அம்மாதான். படம் வந்ததும் அதில் மகளைத் தேடினாள், காணவில்லை. அன்று வேறு வார்டில் இருந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். ‘மருத்துவமனைக்குப் புதிய கட்டடம்’ என்ற தயார்ப் பதிலை எடுத்து ஒட்டினாள், அனுப்பாமல் அழித்தாள்.

“அம்மாகிட்டச் சொல்லிடுங்க,” என்று எழுதினாள். “அவங்களுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா வேற யாரோ சொல்லித் தெரிஞ்சா அதைவிடக் கஷ்டம்.”

“நீங்க என் மனச மாத்தப் பாக்கவே இல்லையே.”

“நீங்க சொன்னதுக்கு என்கிட்டப் பதில் இல்லம்மா.”

‘அம்மா’ என்று தட்டிவிட்டதை அனுப்பிய பிறகுதான் கவனித்தாள். நத்தை நகரவில்லை. கடல் அலை மட்டும் வந்து வந்து போனது.

மறுநாள் காலை, குளிப்பதற்காக மகள் அவள் கால்கட்டின் மேல் பாலித்தீன் பையைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், “அம்மா, நான் உங்க ஆளுக்குப் போடல,” என்றாள்.

தெரிந்த செய்திதான். ஆனால் திரையில் படித்ததுபோல இல்லை, மகளின் குரலில் கேட்பது. இத்தனை வருஷம் வெயிலில் அலைந்ததெல்லாம் ஒரு கணம் நினைவுக்கு வந்தது. ஏதேதோ சொல்ல வாயெடுத்தாள். மகளின் விரல்கள் பையின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தன, ஒரு சொட்டுத் தண்ணீரும் உள்ளே போகாதபடி.

“அந்தப் பாட்டி அப்புறம் சாப்பிட்டாங்களா?” என்று கேட்டாள்.

மகளின் கை நின்றது. “சூடு பண்ணிக் கொண்டுபோய்க் குடுத்தேன்.”

“சரி. தண்ணி ஊத்து.”

தேர்தலன்று மகள்தான் அவளைத் தாங்கிக் கூட்டிப்போனாள். சாலையோரம் கட்சி மேசையில் இருந்த வயர் எழுந்து ஓடிவந்தாள். “வாங்கக்கா. பாப்பாவும் நம்ம பக்கம்தானே?”

“அவ நோயாளிங்க பக்கம்,” என்றாள் அம்மா. வயர் சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை, தாங்கியிருந்த பிடியை மட்டும் கொஞ்சம் இறுக்கினாள்.

அம்மா முதலில் போட்டுவிட்டு வந்து சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்தாள். மகள் வாக்களிக்கும் மறைப்புக்குப் பின்னால் போனாள். அதற்குக் கீழே அவள் பாதங்கள் மட்டும் தெரிந்தன. ஆஸ்பத்திரிக்குப் போட்டுப்போகும் வெள்ளைக் காலணிகள். ஒரு குதிகால் மெல்ல உயர்ந்தது, எட்டாத எதையோ எட்டுவதுபோல. பிறகு தரையில் பதிந்தது. ஓட்டு விழுந்துவிட்டது.