வரதனுக்கு விளையாட்டுக் காட்டியவள்

12-3-1975, புதன்கிழமை. நேற்று எழுதியதில் ஒரு சிறு பிழை. வரதன் துரத்தி விளையாடியது பித்தளைத் தட்டின் வெளிச்சத்தை என்று எழுதியிருக்கிறது. பித்தளை இல்லை, எவர்சில்வர். தேய்த்து நாளான பித்தளை சுவரில் அவ்வளவு பளிச்சென்று அடிக்காது. திருத்தியாயிற்று.

1

இது கதையாகத் தொடங்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை ஸம்பத்குமார் கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்திருந்தான். அங்கே புதிதாக வந்திருக்கும் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர்ஸ் குமாஸ்தா. கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே தங்கை பூமாவிடம் தணிந்த குரலில் சொன்னான்:

"வரது இப்போ என்னென்ன வெளையாடறான்னு ஒரு பக்கம் எழுதி அனுப்புவியாம். வைஜயந்தி கேட்டா."

வைஜயந்தி அவன் மனைவி. வரதன் அவர்களுடைய மூன்றாவது பிள்ளை, பத்து மாதம். அவன் இப்போது இருப்பது திருவள்ளூரில், பூமா இருக்கும் பெரியண்ணா எம்பார் வீட்டில். எம்பாருக்கும் கமலவல்லிக்கும் குழந்தை இல்லை. எம்பார் கோயிலில் செய்யும் கைங்கர்யம் தகப்பனுக்குப் பின் பிள்ளைக்கு வருவது. அது நின்றுபோகக் கூடாது என்று தம்பியின் கடைசிப் பிள்ளையைத் தங்கள் பிள்ளையாக ஸ்வீகாரம் எடுக்கிறார்கள். தை மாதம் வைஜயந்தி குழந்தையைக் கொண்டுவந்து விட்டுப் போனாள். சடங்கு வரை அவள் அவன் கண்ணில் படக் கூடாது என்று ஏற்பாடு.

"பார்த்துண்டே இருந்தா மறக்காது. கொஞ்ச நாள் பார்க்காட்டா தானே மறந்துடும்" என்றார் எம்பார்.

அந்தக் கொஞ்ச நாளும் குழந்தைக்கு ஏக்கம் வராமல் விளையாட்டுக் காட்டுவது பூமாவின் வேலை. பகலெல்லாம் அது. சாயங்காலம் டைப்ரைட்டிங் வகுப்பு.

சடங்கு நாளைக்கு. வைஜயந்தி வந்து தன் கையால் பிள்ளையைக் கமலவல்லி மடியில் வைக்க வேண்டும். பெற்றவளை அவனுக்கு அடையாளம் தெரியுமா, தெரியாதா என்பதுதான் இந்தக் கதை. வேறு ஒன்றும் இதில் இல்லை.

(ஏன் 'நான்' என்று எழுதவில்லை என்று கேட்கலாம். அப்படி எழுதிய பக்கம் இரண்டாவது வரியிலேயே மன்னிப்புக் கேட்க ஆரம்பித்துவிட்டது. பூமா என்று எழுதினால் அவள் கொஞ்ச நேரமாவது வேலையைப் பார்க்கிறாள்.)

2

முதல் தொடக்கம்: "பத்து மாதக் குழந்தைக்குக் கடைப் பொம்மை தேவையில்லை. அடுக்களையில் இருப்பதே போதும். ஒரு டம்ளருக்குள் இன்னொரு டம்ளரைப் போட்டுக் கொடுத்தால் அதை வெளியே எடுக்க—"

யாருடைய குழந்தை, யாருடைய அடுக்களை என்பது இதில் இல்லை. விட்டாயிற்று.

இரண்டாவது தொடக்கம்: "கமலவல்லி ஈரமில்லாதவள்."

இதையும் விட்டாயிற்று. கதையில் கெட்டவள் ஒருத்தி இருந்தால் எழுதுவது சுலபம். ஆனால் இந்தக் கமலவல்லி, குழந்தை தூங்கும்போது மட்டும் அவன் பக்கத்தில் போய் உட்காருகிறவள். விழித்திருக்கும்போது தொட்டால் அழுதுவிடுவானோ என்று பயம். அவள் உட்கார்ந்த இடத்தில் பூமா ஒருநாள் ஒரு கிலுகிலுப்பையைப் பார்த்தாள். பழையது. எந்த வருஷம் வாங்கியதோ, யாருக்காகவோ.

மூன்றாவது தொடக்கம்: விளையாட்டுகளைச் சொல்லிக்கொண்டு போவது. இதுவே இருக்கட்டும்.

3

பால்பவுடர் டப்பாவில் புளியங்கொட்டை போட்டு, மூடியைத் துணியால் இறுக்கிக் கட்டி உருட்டிவிட்டால் பின்னாலேயே தவழ்ந்து போவான். மூடியை அவன் கடிப்பதால் முடிச்சைத் தினமும் பார்க்க வேண்டும்.

எவர்சில்வர் தட்டில் தண்ணீர் ஊற்றி முற்றத்து வெயிலில் வைத்தால் சுவரில் வெளிச்சம் ஆடும். தட்டை விரலால் தட்டினால் ஓடும். அவன் அதன்மேல் கையை வைத்துப் பிடிப்பான். கையைத் திறந்து பார்ப்பான். இருக்காது. மறுபடியும் பிடிப்பான். ஒருநாள்கூட அவனுக்கு இதில் கோபம் வந்ததில்லை.

துவைத்த துணிக் கூடையைப் பக்கத்தில் வைத்துவிட்டால் ஒவ்வொன்றாக இழுத்து வெளியே போடுவான். மடித்து வைப்பவர்களுக்குத்தான் கஷ்டம்.

பிறகு துண்டு விளையாட்டு. பூமா தன் முகத்தைத் துண்டால் மூடிக்கொள்வாள். அவன் இழுப்பான். முகம் வரும். வயிறு குலுங்கச் சிரிப்பான்.

(இது எல்லா வீட்டிலும் உண்டு. இதை எழுத ஒரு கதை வேண்டியதில்லை. ஆனாலும் தயவுசெய்து இங்கே கொஞ்சம் நில்லுங்கள்.)

4

மறைந்தது போய்விடவில்லை, துணியை விலக்கினால் அங்கேயே இருக்கும். அந்த விளையாட்டு அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். பூமா இதை யோசிக்கவில்லை. அவனை அழாமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது மட்டும்தான் அவள் யோசனை.

அவன் கொடியில் தொங்கிய புடவை நுனியைத் தூக்கிப் பார்த்தான். அறைவாசல் திரையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று பின்னால் பார்த்தான். பெருமாள் பெட்டிக்குக் கீழே தொங்கும் பட்டுத் துணியையும் தூக்கினான். சிரிக்கவில்லை. ஒரு நிமிஷம் பார்ப்பான், அடுத்த துணிக்குத் தவழ்ந்து போவான்.

பால் ஊற்ற வந்த குப்பம்மாள் வாசலில் நின்று பார்த்தாள்.

"இன்னா பாப்பா, உங்க புள்ள ஊடு பூராத் துணியத் தூக்கிப் பாத்துக்கினு கீறான்? போலீஸ்ல சேக்கப் போறீங்களா?"

"வெளையாடறான், குப்பம்மா."

"நல்லா வெளையாடுனான். பெருமாளையே சோதன போடுறான்."

பூமா சிரித்தாள். திரும்பினால், அடுக்களை நிலையில் கமலவல்லி.

"யாரைத் தேடறான்னு எனக்குத் தெரியாதாடி?"

"மன்னி, அவனுக்கு இதெல்லாம்..."

"அந்த வெளையாட்டு வேண்டாம். வேற ஏதாவது காட்டு."

வேறு காட்டினாள். டப்பா. வெளிச்சம். அவன் தவழ்ந்து ஒரு திரைப்பக்கம் போகும்போதெல்லாம் புளியங்கொட்டை டப்பாவை எதிர்ப்பக்கம் உருட்டினாள். அவன் திரும்பினான். ஒவ்வொரு தடவையும் திரும்பினான். பூமா எடுத்த காரியத்தை ஒழுங்காகச் செய்கிறவள்.

பிறகு ஒருநாள், கமலவல்லி கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், பூமா துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டாள். சும்மா, பார்ப்பதற்காக. துண்டுக்குள் சோப்பு வாசனை. காத்திருந்தாள். கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து டப்பா உருளும் சத்தம் கேட்டது.

துண்டை அவளே எடுத்தாள்.

5

வைஜயந்தி மன்னிக்கு எழுத வேண்டிய பக்கம் ஏன் போகவில்லை என்பது இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

"அன்புள்ள மன்னிக்கு, வரது நன்றாக விளையாடுகிறான்—"

இதை அவள் 'மறந்துவிட்டான்' என்று படிப்பாள்.

"வரது சரியாக விளையாடுவதில்லை—"

இது பொய்.

"வரது உங்களைத் தேடினான். நான்தான்—"

இங்கே வாக்கியம் நிற்கிறது. முடிக்கத் தெரியவில்லை. முடிக்கத் தெரிந்திருந்தால் கதை வேண்டியிருக்காது.

6

ஒன்றை மறைத்து எழுதிக்கொண்டு வந்தாயிற்று. இப்போது சொல்ல வேண்டும்.

குழந்தை பெற்றவளை மறந்துவிட்டால் வளர்ப்பவளிடம் ஒட்டிக்கொள்ளும் என்று எல்லோரும் கணக்குப் போட்டார்கள். அவன் ஒட்டிக்கொண்டது பூமாவிடம். அவள் வகுப்புக்குக் கிளம்பினால் அழத் தொடங்குகிறவன், அவள் திரும்பி வரும்வரை நிறுத்துவதில்லை. எம்பார் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறார். கமலவல்லி கையில் பால் கிண்ணத்தோடு பின்னாலேயே நடக்கிறாள்.

"இன்னா பாப்பா, கண்ணாலம் ஆவறதுக்கு முன்னியே இடுப்புல ஏறிக்கினான், எறங்க மாட்டேன்றான்? மாப்ள ஊட்டுக்கு இவனையும் சீரோட அனுப்பப் போறாங்களா?" என்று குப்பம்மாள் கேலி செய்தாள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

இன்று மத்தியானம் குழந்தை தூங்கியதும் கமலவல்லி கூப்பிட்டாள். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தவில்லை.

"நாளைக்கு அவ வருவா. இவன் அவகிட்டத் தாவினா எனக்குக் கஷ்டம். தாவாட்டா அவளுக்குக் கஷ்டம். ரெண்டுல எது வந்தாலும் வந்துட்டுப் போறது."

பூமா நின்றாள்.

"ரெண்டு பேரையும் விட்டுட்டு உங்கிட்ட ஓடி வந்தான்னா என்னடி பண்றது? அத்தனை பேர் எதிர்ல?"

"வரமாட்டான், மன்னி."

"வருவான். உனக்கும் தெரியும்." முறம் இப்போது நின்றது. "நாளைக்கு நீ ஆத்துல இருக்காதே."

"சின்ன மன்னியை நான் பார்க்க வேண்டாமா?"

"நீ பார்க்கலாம். அவ உன்னைப் பார்க்க வேண்டாம். இவ்வளவு நாள் தூக்கம் வராம படுத்திருந்தவ அவ. என்னைப் பார்த்தா திட்டிக்கவாவது திட்டிப்பா. உன்னை என்னன்னு திட்டுவா?"

இதற்குப் பூமா சொன்ன பதிலை எழுதிப் பார்த்து அடித்தாயிற்று. அது கற்பனை. உண்மையில் அவள் முறத்திலிருந்து சிந்திய அரிசியைப் பொறுக்கினாள்.

7

ஆகையால் முடிவுகள்.

அ. வைஜயந்தி வாசலில் நின்று "வரது" என்கிறாள். அவன் திரும்புகிறான். உதடு பிதுங்குகிறது. கையை நீட்டுகிறான். அவள் வாங்கிக்கொள்கிறாள், பிறகு கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஆ. வைஜயந்தி கூப்பிடுகிறாள். அவன் புதிதாக வந்தவர்களைப் பார்ப்பதுபோல் பார்க்கிறான். அவள் சிரித்துக்கொண்டே, "நன்னாப் பழகிட்டானே" என்கிறாள். கும்மிடிப்பூண்டி பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்காருகிறாள்.

இ. அவன் இரண்டு பேரையும் பார்க்கிறான். யார் மடியிலும் உட்காராமல், கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டு—

மூன்றாவதை முடிக்க முடியாது. மூன்றிலும் அழுகிறவர்கள் மாறுகிறார்களே தவிர அழுகை குறையவில்லை. குறைகிற முடிவு ஒன்றைச் செய்து பார்த்தாள். அதில் எம்பார், "வேண்டாம், குழந்தையை அழைச்சிண்டு போ" என்கிறார். எம்பார் அப்படிப் பேசுகிறவர் இல்லை. அவர் வாயில் அந்த வார்த்தை நிற்கவில்லை.

முடிவு நடக்கப்போகிற கூடத்தில் எழுதுகிறவளுக்கு இடம் இல்லை. உங்களுக்கு இருக்கிறது. தூண் ஓரமாக நின்று பார்த்துக்கொள்ளுங்கள். அவன் எந்தப் பக்கம் திரும்பினான் என்பதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். பூமா கேட்டாலும் சொல்ல வேண்டாம். கேட்பாள்.

நாளை: குழந்தை விழிப்பதற்குள் எழுந்து குளித்து, முதல் வண்டியில் திருவாலங்காட்டுச் சித்தப்பா வீட்டுக்குப் போக வேண்டும். விளக்கு வைத்த பிறகு திரும்பினால் போதும்.