இரவல் சட்டியின் கறுப்பு

இரவல் வாங்கிய பாத்திரத்தைக் கரியோடு திருப்பிக் கொடுக்க ராசமலருக்குத் தெரியாது. வாங்கும்போது இருந்ததைவிட ஒருபடி பளபளப்பாகத் தேய்த்து, உள்ளே வெறுமையாக இல்லாமல் ஒரு பிடி பலகாரமாவது வைத்துக் கொடுத்தால்தான் அவளுக்கு நித்திரை வரும். டென்மார்க்கின் எஸ்பியர்க் பட்டினத்தில் இருக்கிற தமிழ்ச் சனம், ராசமலர் வீட்டுக் கிடாரத்தில் முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம் என்று பகிடி விடும். அந்த நல்ல பழக்கம்தான் போன கார்த்திகையில் அவளுடைய மானத்தை வாங்கப் பார்த்தது.

சட்டி கிர்ஸ்டனுடையது. கிர்ஸ்டனும் ராசமலரும் ஒரே முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர்கள். ராசமலர் டெனிஷ் பேசத் தட்டுத்தடுமாறிய காலத்தில் மற்றவர்கள் கடகடவென்று சொல்லிவிட்டு நடக்க, கிர்ஸ்டன் மட்டும் நின்று, அவள் முகம் தெளியும்வரை திருப்பித் திருப்பிச் சொன்னாள். சிநேகிதி என்று ராசமலர் மனமறிந்து சொல்லக்கூடிய ஒரே வெள்ளைக்காரி அவள்தான்.

சட்டி வார்ப்பிரும்பு. நடுவில் ஒரு குழி, சுற்றிவர ஆறு குழி, நீட்டாக ஒரு கைப்பிடி. நத்தார் என்கிற கிறிஸ்மஸ் காலத்தில் டெனிஷ்காரர் அதில்தான் ஏபிள்ஸ்கீவ என்ற உருண்டைப் பணியாரத்தைச் சுட்டு, ஜாமில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். எங்களுடைய குழிப்பணியாரத்துக்குக் கூடப் பிறந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ராசமலரின் அலுமினியக் குழிச்சட்டி, புதிதாகப் பூட்டிய இண்டக்சன் அடுப்பில் சூடேற மாட்டேன் என்று சண்டித்தனம் பண்ணியது. அதை அவள் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிக் கவலைப்பட, மறுநாளே கிர்ஸ்டன் தன்னுடைய சட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து கையில் கொடுத்துவிட்டாள்.

"என் அம்மாவுடையது. மருமகளுக்குக்கூட நான் கொடுத்ததில்லை" என்றாள். "நத்தாருக்கு முன்வரும் அட்வென்ட் முதல் ஞாயிறு பிள்ளைகள் வருவார்கள். அதற்கு மட்டும் எனக்கு வேண்டும்."

பணியாரம் என்றால் அப்படி ஒரு பணியாரம். ஒட்டவில்லை, உடையவில்லை, ஊசியால் தட்டினால் பந்துபோல் புரண்டது. எல்லாம் முடிந்து கழுவ எடுத்தபோதுதான் ராசமலருக்குக் கண் உறுத்தியது. சட்டி முழுக்க ஒரே கறுப்பு. பாவம், கிர்ஸ்டனுக்கு வேலையும் வீடும், தேய்க்க எங்கே நேரம் என்று இரக்கப்பட்டாள். அந்த இரக்கத்தோடு ஒரு வாளியில் புளியைக் கரைத்து, சட்டியைச் செங்குத்தாக நிறுத்தி ஊறவிட்டாள். வாளி சின்னது. சட்டியின் கீழ்ப் பாதிதான் நனைந்தது. மேல் பாதியை நாளைக்குத் திருப்பி வைக்கலாம் என்று நினைத்தாள்.

மறுநாள் விடிய எடுத்துத் தேய்த்தாள். கறுப்புத் தோல் கழன்று வந்து, அடியில் சாம்பல் நிறத்தில் இரும்பு தெரிந்தது. கணவன் நித்தியானந்தனைக் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டினாள். ஈரம் வடியட்டும் என்று தொட்டிக்குப் பக்கத்தில் சாய்த்துவிட்டு வேலைக்கு ஓடினாள். வேலை முடிந்து வந்து பார்த்தபோது புளியில் ஊறிய பாதி செக்கச்செவேல் என்று துருப்பிடித்துக் கிடந்தது. நடுக்குழியும், கீழே இருந்த மூன்று குழிகளும் மிளகாய்த்தூளைக் கொட்டியதுபோல. மேலே மூன்று குழி மட்டும் பழைய கறுப்போடு தப்பியிருந்தது.

ராசமலர் கதிரையில் இருந்துவிட்டாள். தேசிக்காய் போட்டாள், சவர்க்காரம் போட்டாள், கம்பிச் சுருளால் கை நோகத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கப் போகும், காயக் காயத் திரும்பி வரும். ஞாயிறு நெருங்கிக்கொண்டிருந்தது.

"கமலாவைக் கேட்டுப் பாருமன்" என்றான் நித்தியானந்தன்.

"ஆர், உங்கட தங்கச்சியையோ? என்ர கிறைண்டரைக் கேட்டுப் பாருங்கோ, அவவின்ர கைராசியை அது சொல்லும்."

கமலாதேவி எஸ்பியர்க்கில் பஸ் ஓட்டுகிறவள். எதையாவது கழற்றாமல் அவளுடைய கை சும்மா இராது. கனகாலத்துக்கு முன் ராசமலரின் கிறைண்டர் லேசாகச் சத்தம் போடுகிறது என்று கழற்றிப் பூட்டினாள். பூட்டி முடித்தபோது மேசையில் திருகாணிகள் மிஞ்சின. அன்றிலிருந்து கிறைண்டர் சத்தமே போடவில்லை, அரைக்கவும் இல்லை. மறுநாள் வீட்டில் விசேஷம், வடைக்கு உழுந்து ஊறிக்கொண்டிருந்தது. அந்தக் கோபத்தை ராசமலர் பத்திரமாக வைத்திருந்தாள். மச்சாள் வந்தால் தேத்தண்ணி கொடுப்பாள், சிரிப்பாள், வீட்டில் ஒரு ஆணியைத் தொட மட்டும் விடமாட்டாள்.

ஆனால் தலைக்கு மேல் வெள்ளம் வந்துவிட்டது. கூப்பிட்டு, சட்டி கிர்ஸ்டனின் தாயுடையது என்றும் சொன்னாள். கமலாதேவி பஸ் சீருடையோடே வந்து, சட்டியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"புளியே விட்டனீங்கள் மச்சாள்? இதென்ன பித்தளைக் குத்துவிளக்கே?"

"அழுக்கெண்டு நினைச்சன்."

"அது அழுக்கில்லை, எண்ணெய். சுடச்சுடக் காய்ஞ்சு தோலாப் படிஞ்ச எண்ணெய். அந்த மனுசியும் தாயும் சுட்டதெல்லாம் இதிலைதான் படிஞ்சு கிடந்தது."

"கமலா, அவவுக்குத் தெரியாமல் இதைச் சரிப்பண்ண ஏலுமே?"

"துருவை எடுக்க ஏலும்" என்றாள் கமலாதேவி.

சனிக்கிழமை காலை சாமானோடு வந்து இறங்கினாள். ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டி, ஒரு பொதி சலவைச் சோடா, காருக்குப் பற்றரி ஏற்றுகிற பழைய சார்ஜர், கழன்றுபோன ஒரு மண்வெட்டித் தகடு, நிலம் கூட்டுகிற ஒரு தும்புத்தடி. வீட்டுக்குப் பின்னால் காற்று அள்ளிக்கொண்டுபோக, பெட்டியில் தண்ணீர் நிரப்பிச் சோடாவைக் கரைத்தாள். தகட்டை ஒரு பக்கத்தில் நிறுத்தினாள். தகட்டுக்கும் சட்டிக்கும் நடுவே கரண்டை விட்டால் துரு தானாகக் கழரும் என்றாள்.

"தண்ணிக்குள்ளை கரண்டோ!" ராசமலர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"சார்ஜரைத் தள்ளிக் கதிரையிலை வைக்கிறன், அது நனையாது. வாறது கார்ப் பற்றரிக்குப் போற கரண்ட்தான். அதுக்கெண்டு ஓடேக்கை கை வைக்கப்படாது. பிளக்கைக் கழட்டிப்போட்டுத்தான் தொடவேணும்."

பயத்தையும் மீறி உதவி செய்ய வேண்டும்போல் இருந்தது ராசமலருக்கு. உள்ளே போய்த் தன்னுடைய எவர்சில்வர் தட்டம் ஒன்றைக் கொண்டுவந்தாள். "அந்த ஊத்தைத் தகடு ஏன்? இதைப் போடுமன், நல்ல துப்பரவானது."

"ஐயோ, சில்வர் மட்டும் வேண்டாம். சில்வர் கரைஞ்சால் தண்ணியே நஞ்சாப் போம். இதுக்கு வெறும் இரும்புதான் சரி."

சிகரெட்டோடு எட்டிப்பார்த்த நித்தியானந்தனுக்கும் ஏச்சு விழுந்தது. "அண்ணை, அதை அணைச்சுப்போட்டு வாங்கோ! இதிலை வாற குமிழி நெருப்புப் பிடிக்கும்." அவன் உடனே அணைத்தான். கட்டின மனுசி இத்தனை வருசம் சொல்லிக் கேளாதவன்.

கமலாதேவி சிவப்பு வயரைத் தகட்டில் கொளுவினாள், கறுப்பைச் சட்டியின் கைப்பிடியில் கொளுவினாள். மாறிக் கொளுவினால் தகடு தப்பிச் சட்டி கரையும் என்று சொல்லிக்கொண்டே இன்னொரு தரம் சரிபார்த்தாள். கிறைண்டரைக் கழற்றிய அதே கைதான். ஆனால் இன்றைக்கு அவசரம் இல்லாத கை. ஒவ்வொரு கொளுவியையும் இழுத்துப் பார்த்துத்தான் அடுத்ததற்குப் போனது. இவள் எப்போது இப்படி ஆனாள் என்று ராசமலருக்கு ஆச்சரியமாக இருந்தது. தான்தான் இத்தனை காலமாக ஏறெடுத்துப் பார்க்கவில்லை என்பதும் கூடவே உறைத்தது.

பெட்டிக்குக் குறுக்கே தும்புத்தடியை வைத்து, சட்டியைக் கம்பியால் அதில் தொங்கவிட்டாள். சட்டி பாதிதான் தண்ணீருக்குள் இறங்கியது. புளி நின்ற அதே கோட்டில் சோடாத் தண்ணீரும் நின்றது.

"ஏன் பாதியிலை நிப்பாட்டுறீர்? முழுக்க இறக்கும்."

"முழுக்க இறக்கினால் துருவும் போம், மேலை இருக்கிற கறுப்பும் போம். இந்தத் தொட்டிக்கு ரெண்டும் ஒண்டுதான்."

"போகட்டுமே! முழுக்க ஒரே நிறமா வந்தால் நீர் எண்ணெய் பூசிக் கறுப்பாக்கித் தருவீர். நான் குடுத்துப்போட்டு வாறன். கிர்ஸ்டனுக்குத் தெரியவே வராது. இப்பிடிப் பாதியாக் குடுத்தால் நான் செய்த கூத்து அப்பட்டமாத் தெரியுமெல்லே!"

கமலாதேவி கம்பியை ஒரு கையால் பிடித்தபடி நிமிர்ந்தாள். "ஓம், தெரியும். நீங்கள் சொன்னால் நான் இப்பவே இறக்குறன் மச்சாள். உங்கட சிநேகிதி, உங்கட முடிவு. ஆனால் அந்த மூண்டு குழியிலை இருக்கிறது அவவின்ர தாயின்ரை. அதை நான் என்ன பூசினாலும் திருப்பித் தர ஏலாது."

ராசமலர் சட்டியைப் பார்த்தாள். மருமகளுக்குக்கூடக் கொடுக்காததைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்த கிர்ஸ்டனின் முகம் கண்ணுக்குள் நின்றது. தன் மானம் ஒரு பக்கம் இழுத்தது. ஒன்றும் தெரியாதவள்போல் சட்டியை நீட்டிவிட்டு, பிறகு தினமும் அவளோடு இருந்து சாப்பிட வேண்டுமே என்ற எண்ணம் மறுபக்கம் இழுத்தது. மறுபக்கம்தான் வென்றது, கொஞ்சம் மூக்கால் அழுதபடி.

"பாதியே நிக்கட்டும்" என்றாள்.

கமலாதேவி பிளக்கைப் போட்டாள். ஒன்றும் வெடிக்கவில்லை. சட்டியின் குழிகளிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழிகள் கிளம்பின. சோடாப் போத்தலைத் திறந்ததுபோல் மெல்லிய இரைச்சல். பயந்து கதவில் நின்றவள் ஒரு அடி வந்தாள், இன்னொரு அடி வந்தாள், கடைசியில் பெட்டிக்குப் பக்கத்திலேயே குந்திவிட்டாள். தண்ணீர் மண்ணிறமாகி, மேலே துரு நுரையாக ஒதுங்கியது. கையால் எத்தனை தேய்த்தும் அசையாத துருவை இந்தக் குமிழிகள் மெல்ல மெல்லக் கழற்றிக்கொண்டிருந்தன. என்ன அழகு! தேய்ப்பதில் தன்னை வெல்ல எஸ்பியர்க்கில் ஆள் இல்லை என்று நினைத்திருந்த ராசமலர், தேய்க்காமலே நடக்கிற இந்த வேலையைக் கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கமலாதேவி அடிக்கடி பிளக்கைக் கழற்றி, சட்டியை எடுத்துப் பிரஷால் ஒரு தட்டுத் தட்டி, தகட்டைச் சுரண்டி, திரும்ப இறக்கினாள். அவளுடைய மூக்கு நுனி குளிரில் சிவந்துவிட்டது. உள்ளே வந்து சூடேறச் சொன்னால், கரண்டை விட்டிட்டு வரப்படாது என்றாள். ராசமலர் இஞ்சித் தேத்தண்ணியை வெளியிலேயே கொண்டுபோய்க் கொடுத்தாள். சீனி போட்டுக் கலக்கி, ஆற்றிக் கொடுத்தாள். அப்படி அவள் மச்சாளுக்கு ஒருநாளும் ஆற்றிக் கொடுத்ததில்லை.

பின்னேரம் சட்டி வெளியே வந்தபோது துரு ஒரு பொட்டும் இல்லை. கீழ்ப் பாதி நேற்று வார்த்த இரும்புபோல் சாம்பல் நிறம். மேல் பாதி பழைய கறுப்பு, ஒரு கீறல்கூட இல்லை. கழுவின கையோடு ஓவனில் காயவைத்து, எண்ணெயைத் தடவி, தடவியது முழுவதையும் துடைத்தெடுத்ததுபோல் துடைத்து, கவிழ்த்துச் சூடாக்கினாள் கமலாதேவி. ஆறவிட்டு மறுபடி அதையே செய்தாள். சாம்பல் பாதி தேன் நிறத்துக்கு வந்தது. இரண்டு நிறமும் சந்திக்கிற கோடு பளிச்சென்று தெரிந்தது.

"கமலா," என்றாள் ராசமலர். சொல்ல வந்தது பெரிதாக இருந்ததால் வாய் கோணியது. "நீர் கெட்டிக்காரி. எனக்கு இவ்வளவு நாளும் தெரியாமல் போச்சு."

"கிறைண்டரை மறந்திட்டியளோ?"

"கிறைண்டர் கிடக்கட்டும்."

ஞாயிறு காலை, கிர்ஸ்டனின் பிள்ளைகள் வருவதற்கு முன்னமே இருவரும் அவள் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ராசமலர் ஒரு டப்பா முறுக்கோடு சட்டியை நீட்டினாள். வழியெல்லாம் பாடமாக்கிய டெனிஷ் வசனங்களை ஒரே மூச்சில் கொட்டினாள். புளி, வாளி, துரு, தன் மடைத்தனம், மச்சாளின் தொட்டி, ஒன்றையும் ஒளிக்கவில்லை.

கிர்ஸ்டனின் முகம் வெளிறிவிட்டது. சட்டியை யன்னலடிக்குக் கொண்டுபோய், தேன் நிறத்துப் பாதியை விரலால் தடவினாள். விரல் கோட்டைத் தாண்டிக் கறுப்புக்குப் போய் நின்றது.

"இதை மட்டும் ஏன் விட்டீர்கள்?" என்று கேட்டாள்.

"இது உன்னுடைய அம்மாவுடையது" என்றாள் ராசமலர். "நான் முழுவதையும் எடுக்கச் சொன்னேன். எடுக்காமல் வைத்தது இவள்."

கிர்ஸ்டன் கமலாதேவியை வெகுநேரம் பார்த்தாள். பிறகு அடுப்பை மூட்டி, பிள்ளைகளுக்காகக் கரைத்து வைத்திருந்த மாவை எடுத்தாள். ஏழு குழியிலும் வெண்ணெய் விட்டு, ஏழிலும் ஊற்றினாள். பின்னல் ஊசியால் திருப்ப, பழைய மூன்று குழியிலும் இருந்தவை பந்தாகப் புரண்டன. புதிய நாலிலும் இருந்தவை ஒட்டிப் பிடித்து, பிய்ந்து, அரையும் குறையுமாக வந்தன. ராசமலருக்கு நிலம் பிளந்து தன்னை விழுங்காதா என்று இருந்தது.

முழுதாக வந்த மூன்றையும் கிர்ஸ்டன் ஒரு தட்டில் எடுத்து, சீனித் தூள் தூவி, கமலாதேவிக்கு முன்னால் வைத்தாள். பிறகு இரண்டு முள்ளுக்கரண்டி எடுத்து, ஒன்றை ராசமலரிடம் நீட்டினாள். பிய்ந்துபோனதைச் சட்டியிலிருந்து சுரண்டி ஒரு வாய் தின்றாள்.

"சாப்பிடு" என்றாள். "இது உனக்கும் எனக்கும்."

இருவரும் ஒரே சட்டியில் சுரண்டிச் சுரண்டித் தின்றார்கள். மாவு வேகவில்லை, ஓரம் கருகியிருந்தது, ராசமலருக்குக் கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதுபோல் ருசியானதை அவள் டென்மார்க்கில் தின்றதில்லை.

வெளியே பிள்ளைகளின் கார் வந்து நின்றது. இவர்கள் புறப்பட எழும்ப, கிர்ஸ்டன் அவசரமாகச் சட்டியைத் துடைத்தாள். பிள்ளைகளுக்கு எடுத்து வைப்பாள் என்று ராசமலர் நினைத்தாள். அவளோ அதைப் பழைய துணியிலேயே சுற்றினாள்.

"பிள்ளைகளுக்கு இன்றைக்கு வாஃபிள் சுட்டுக் கொடுப்பேன். இது சுடச்சுடத்தான் கறுக்கும். உன் பணியாரத்தைச் சுடு, நிறையச் சுடு" என்று ராசமலரின் கையில் வைத்தாள். "நத்தாருக்குக் கொண்டுவந்து தா. கழுவாமல் கொண்டு வா."