இரட்டைப் பூட்டு

எங்கள் உயர்நிலைப் பள்ளியில் காவலர் சீருடையிலேயே வந்து காவல் பணி வகுப்பு எடுக்கிறவள் நான். அதற்கு முன்பு மாவட்டச் சிறையில் காவலராகக் கத்திக் கத்தித் தொண்டையைக் கெடுத்துக்கொண்டேன். எங்கள் ஊரான லரேடோவில் பாதிப் பேருக்கு என்னைப் பிடிக்காது. மீதிப் பேரின் பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள்.

அந்த வருடத்தின் கெட்டிக்காரி அராசெலி. போலீசில்தான் சேருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். பெற்றோர் வந்து பார்க்கும் மாலை நிகழ்ச்சிக்கு முந்தின வாரம் அவள் அப்பா எலீசியோ தனியாக வந்து, தொப்பியைக் கழற்றிக் கதவருகிலேயே நின்றார்.

"மிஸ், நான் உள்ள இருந்தவன். அவ சின்னப் புள்ளையா இருக்கறப்போ நாலு வருஷம். மிட்லண்டுல எண்ணெய்க் கிணத்து வேலைன்னு சொல்லி வச்சிருக்கோம். என்னால அவ வேலைக்கு ஏதும் வில்லங்கம் வருமா?"

"உங்களால வராது. பொய்யால வரும். வேற யாராவது சொல்றதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடுங்க."

"சொல்றேன் மிஸ். பட்டமளிப்பு முடியட்டும். அதுவரைக்கும் நல்ல அப்பனா இருந்துட்டுப் போறேனே."

போங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

நிகழ்ச்சியன்று மாலை, பெற்றோர் கொண்டுவந்த தமாலே பலகாரத்தின் வாசனை அறையெங்கும். கைது செய்து காட்டுவது அராசெலியின் பொறுப்பு. திருடனாக நடிக்க வேண்டிய பையனோ காய்ச்சலில் படுத்துவிட்டான். அவள் கடைசி வரிசையைப் பார்த்தாள்.

"அப்பா, வாங்க! இன்னிக்கு நீங்கதான் திருடன்."

எல்லோரும் சிரித்தார்கள்.

"என்னைப் பிடிடி, நான் வரேன்," என்று குறுக்கே புகுந்தேன்.

"உங்களைப் பிடிச்சா மார்க்குல கை வைப்பீங்க மிஸ்!"

மறுபடியும் சிரிப்பு. எலீசியோ எழுந்து வந்தார்.

அவள் உத்தரவு போட வாயைத் திறப்பதற்குள் அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிவிட்டார். கால்களை அகட்டினார். கைகளைப் பின்னால் கொண்டுவந்து, புறங்கைகளை ஒட்டி, கட்டைவிரல்களை மேலே நீட்டினார். என் மாணவர்களுக்கு அந்த நிலை படிய ஒரு மாதமாகும்.

"ஐயோ, நான் இன்னும் சொல்லவே இல்லையேப்பா!" சிரித்துக்கொண்டே விலங்கை மாட்டினாள். குஷியில் இரண்டாவது பூட்டை மறந்துவிட்டாள். அவர் மணிக்கட்டு அசைந்ததும் விலங்கு ஒரு பல் இறுகியது.

வீட்டுப் பாடத்துக்கு உதவுகிற மாதிரி மெல்லச் சொன்னார்: "ரெண்டாவது பூட்டைப் போடு கண்ணு. சாவி முனையால குத்து. இல்லேன்னா நெருக்கிக்கிட்டே போகும்."

அவள் சிரிப்பு நின்றது. வாய் பொய் சொல்லும், உடம்பைப் பார் என்று தினமும் சொல்லிக் கொடுத்த பாவி நான்தான். அந்தப் பாடத்தை ஏன் இவ்வளவு நன்றாகப் படித்துத் தொலைத்தாள்?

"எத்தனை வருஷம்?" என்று அவர் முதுகைப் பார்த்துக் கேட்டாள்.

"நாலு."

அவள் சாவியை என் பக்கம் நீட்டினாள். நான் வாங்கிக் கழற்றினேன். நிகழ்ச்சி முடிந்தது என்று நினைத்துப் பெற்றோர்கள் கைதட்டினார்கள்.

நடைபாதைக்கு ஓடியவளை நானும் அவரும் பின்தொடர்ந்தோம்.

"மன்னிச்சிரு கண்ணு. உனக்கு அசிங்கமா இருக்குமேன்னுதான்..."

"அசிங்கமா? எண்ணெய்க் கிணறு தீப்பிடிச்சுதுன்னு டிவில காட்டறப்பல்லாம் கட்டிலுக்கு அடியில போய் அழுதேன்பா. எங்கப்பா கருகிடக் கூடாதுன்னு தினம் மாதாகிட்ட கெஞ்சினேன். நீங்க இருந்தது ஜெயில்லயா? நான் வந்து பாத்திருப்பேனே! வாராவாரம் வந்திருப்பேனே!"

அவர் ஒரு எட்டு முன்னால் வந்தார். அவளைத் தொடக் கையை நீட்டினார். அவள் விசும்பிக்கொண்டே நகர்ந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

நான் விலகி வழிவிட்டிருப்பேன். ஆனால் என் கால் அசைவதற்குள் அவர் என் சீருடையைப் பார்த்தார். கைகளைத் தொங்கப் போட்டு, தலை குனிந்து, சிறையில் பழகிய மாதிரி இரண்டடி பின்னால் போய் நின்றார்.