வலது கைப்பிடி

இசக்கிமுத்து அந்தக் கயிற்றைக் கட்டும்போது விடிந்தும் விடியாமலும் இருந்தது. கொச்சி மட்டாஞ்சேரியில் அரிசிக் கிடங்குகளுக்குப் பின்னால் இருந்தது பிரதீஷின் பட்டறை. அதன் சாவி ஒன்று மச்சினன் தங்கதுரையிடம் உண்டு. தூங்கிக்கொண்டிருந்தவனின் சட்டைப் பையிலிருந்து அதைக் கிளப்பிக்கொண்டு வந்திருந்தார். மாரியம்மன் கோயிலில் மந்திரித்து வாங்கிய மஞ்சள் கயிறு. பந்தய வண்டியின் வலது கைப்பிடியில், ரப்பர் உறை முடிந்து இரும்பு தொடங்குகிற இடத்தில் மூன்று சுற்றுச் சுற்றி, மூன்று முடிச்சுப் போட்டார். இரண்டு நுனியும் விரல் நீளத்துக்குத் தொங்கின. வெட்டிவிடலாம்தான். ஆனால் கோயில் கயிற்றை இரும்பால் வெட்டக் கூடாது என்று மாயம்மாள் சொல்லி அனுப்பியிருந்தாள். கட்டின பெண்டாட்டி சொன்னதை அவர் கேட்கிற விஷயங்கள் சொற்பம். அதில் இது ஒன்று. நுனிகளை உள்பக்கமாகச் செருகிவிட்டு, வந்த சுவடு தெரியாமல் கதவைப் பூட்டினார்.

கயிறு யாருடைய கண்ணுக்கு எதிராக என்றால், பட்டறைக்காரன் பிரதீஷின் கண்ணுக்கு எதிராகத்தான்.

இருபத்திரண்டு வருஷமாக நகரசபைக் குப்பை லாரி ஓட்டுகிறவர் இசக்கிமுத்து. சந்தேகம் அவருக்குக் கூடப் பிறந்தது. பால்காரன் ஊற்றிவிட்டுப் போனதும் விரலை விட்டுப் பார்ப்பார். வைப்பின் தீவுக்குப் படகு ஏறினால் மிதவைகளை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். சொந்தக் கல்யாணத்தில் தாலியை உரசிப் பார்த்தவர் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். தட்டானிடம் இரண்டு தடவை கேட்டார், அவ்வளவுதான். மொத்தத்தில் உலகத்தில் அவர் சந்தேகப்படாத ஒரே ஆள் அவர்தான்.

அப்படிப்பட்டவர் கண்ணில் முந்தின நாள், சனிக்கிழமை சாயங்காலம், அது பட்டிருக்கக் கூடாது. படகுத் துறையை ஒட்டிய சாயாக் கடையில் பிரதீஷும் முகமது இஸ்மாயிலும் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். இஸ்மாயில்தான் எதிர் வண்டிக்குச் சொந்தக்காரர். ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் தங்கதுரை ஓட்டுகிற வண்டியின் பக்கத்தில் நிற்கப்போவது அவருடைய வண்டி. இஸ்மாயில் காகிதத்தில் சுற்றிய சின்னப் பொட்டலம் ஒன்றை நீட்ட, பிரதீஷ் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். இசக்கிமுத்து சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். ராத்திரி முழுக்கப் புரண்டார்.

அது 2006. வெலிங்டன் தீவில் துறைமுகத்தை ஒட்டி ஓடுகிற நேர்ச்சாலையை அனுமதி வாங்கி அடைத்து, ஒரு பைக் கழகத்தார் அந்தப் பந்தயத்தை நடத்தினார்கள். இரண்டு வண்டி, கால் மைல், பதினான்கு பதினைந்து விநாடி. இருமினால் முடிந்துவிடும். ஆனால் அந்த நேரத்துக்குள் ஒரு உயிர் போய்விட முடியும் என்பதை இசக்கிமுத்து போன வருஷம் பார்த்திருக்கிறார். வைப்பின்காரப் பையன் ஒருவனுக்கு முறுக்கிய கைப்பிடி திரும்பி வரவில்லை. கோடு தாண்டியும் வண்டி நிற்காமல் மணல் மூட்டைகளில் போய் ஏறியது. ஹெல்மெட்டைக் கழற்றியபோது அவன் காதிலிருந்து வழிந்ததை இன்றைக்கும் அவரால் மறக்க முடியவில்லை.

அன்றைக்குத்தான் தங்கதுரையிடம் சத்தியம் வாங்கினார். ஒவ்வொரு வண்டியோடும் ஓர் ஆள் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு கோட்டருகே நிற்கலாம். அந்த ஆள் இரண்டு கையையும் குறுக்கே தூக்கினால் ஓட்டக்கூடாது. வண்டியை அணைத்துவிட்டுத்தான் கேள்வி. தங்கதுரை அக்கா தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். செய்தவன் பாடு திண்டாட்டமாகிப் போனது. முந்தைய இரண்டு பந்தயங்களிலும் அத்தான் கையைத் தூக்கினார். ஒரு தடவை பெட்ரோல் வாசனை என்றார். பக்கத்து வண்டியிலிருந்து வந்தது. இன்னொரு தடவை பின்சக்கரம் ஆடுகிறது என்றார், ஆடவில்லை.

"அத்தான், இன்னிக்கு ஒரு பிராவசியம், ஒரே ஒரு தடவையாவது என்னை ஓட விடுங்க" என்றான் காலையில் தங்கதுரை. கைப்பிடியில் கிடந்த கயிற்றைப் பார்த்து, அக்கா வேலை என்று சிரித்துவிட்டு விட்டுவிட்டான். இசக்கிமுத்து அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

ஒன்பது மணிக்கு அவன் முறை வந்தது. பின்சக்கரம் சூடேற ஒரு சுற்றுச் சுழற்றிவிட்டு வண்டியைக் கோட்டுக்குக் கொண்டுவந்தான். கிளட்சைப் பிடித்தபடி முழுக்க முறுக்கி விட்டான். இசக்கிமுத்து கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். லாரியின் வயிற்று வலியைச் சத்தத்திலேயே கண்டுபிடிக்கிற காது அது. கையை விட்டதும் பொத்தென்று இறங்க வேண்டிய சத்தம் இறங்கவில்லை. அரை நொடி மேலேயே நின்று, பிறகுதான் விழுந்தது. வைப்பின் பையனின் வண்டி அவர் கண்ணுக்குள் வந்துபோனது. கொடிக்காரர் கொடியைத் தூக்குவதற்குள் அவர் இரண்டு கையையும் குறுக்கே தூக்கிவிட்டார்.

தங்கதுரை அணைத்தான். ஹெல்மெட்டுக்குள் அவன் என்ன முகத்தோடு இருந்தான் என்று தெரியவில்லை. கொடி விழுவதற்கு முன்பே விலகியதால் கடைசி ஜோடியாக இன்னொரு வாய்ப்பு உண்டு, அதற்குமேல் கிடையாது என்று நடத்துகிறவர்கள் சொல்லிவிட்டார்கள்.

வண்டியை ஓரமாகத் தள்ளிக்கொண்டு வந்ததும் இசக்கிமுத்து மனசில் இருந்ததைக் கொட்டிவிட்டார்.

"முறுக்கு திரும்பி வரல. உள்ளே எவனோ கைய வச்சிருக்கான். நேத்து சாயாக் கடையில பொட்டலம் வாங்கினவன்கிட்டக் கேளு."

பிரதீஷ் முப்பது வயசுக்காரன். அதிகம் பேச மாட்டான். கார்புரேட்டரின் மூடியைத் திறந்து, உள்ளே இருந்த ஸ்பிரிங்கை உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். புத்தம் புதுசாக மின்னியது.

"பழசு தளர்ந்து போயி, அண்ணாச்சி. இந்த அளவு இஸ்மாயிலிக்காட கையில் மாத்திரமே உண்டாயிருந்து. கேட்டேன், தந்தார். பொட்டலத்துல இதான்."

திரும்ப மாட்டிக் கைப்பிடியை மூன்று முறை முறுக்கி விட்டான். மூன்று முறையும் சட்டென்று திரும்பியது. பாம்பென்று அடிக்கவும் முடியாமல் பழுதென்று தாண்டவும் முடியாமல் நின்றார் இசக்கிமுத்து. இவ்வளவு சீக்கிரம் வாய்க்கிற சமாதானத்தையும் அவரால் நம்ப முடியவில்லை. ஆனால் பிரதீஷ் மூடிய கார்புரேட்டரையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தார். துடைக்க அதில் அழுக்கு இல்லை. பத்து வருஷம் பழகிய வீட்டில் திருடன் என்ற பட்டத்தைக் கேட்டவன் அவன். அவருக்கு வெட்கமாக இருந்தது.

"மதி, போதும் அத்தான்" என்றான் தங்கதுரை. "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நீங்க கயித்துக்கு அந்தப் பக்கம் நில்லுங்க."

அவர் கழுத்தில் கிடந்த அட்டையைக் கழற்றிப் பிரதீஷின் கழுத்தில் மாட்டினான்.

கூட்டத்தை மறித்துக் கட்டிய கயிற்றுக்கு வெளியே, நூறடி தள்ளி, ஐஸ் விற்கிறவனுக்கும் ஆம்புலன்ஸுக்கும் நடுவே நின்றார். வெயில் மண்டையைப் பிளந்தது. இருபத்தாறு வயசுப் பையன். மாயம்மாள் தூக்கி வளர்த்தவன். இனி வீட்டுக்கு வருவானோ மாட்டானோ. மற்ற ஜோடிகள் ஓடுவதை அவர் பார்க்கவே இல்லை.

கடைசி ஜோடியைக் கூப்பிட்டார்கள். தங்கதுரை வண்டியைத் தள்ளிக்கொண்டு அவர் முன்னால் போனான், திரும்பிப் பாராமல். வலது கைப்பிடி அவர் பக்கமாக இருந்தது. காலையில் செருகிவிட்ட நுனிகள் வெளியே வந்து ஆடின. ஒன்று மஞ்சளாக இருந்தது. இன்னொன்று கிரீஸில் கறுத்து, மென்று துப்பிய கரும்புச் சக்கைபோல் நசுங்கிக் கிடந்தது.

முதலில் அவருக்கு அழுக்கு என்றுதான் பட்டது. பிறகு, எங்கே நசுங்கியது என்று கேட்டுக்கொண்டார். முறுக்குகிற ரப்பருக்கும் அசையாத இரும்புக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி இருக்கும். முழுக்க முறுக்கினால் நுனி சில தடவை அதற்குள் போகும். போனால் பிடித்துக்கொள்ளும். ஒருமுறை தப்பித்து வெளியே வந்துவிட்டது.

அடப் பாவி, நான்தானா.

அவர் கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே நுழைந்தார். தொண்டர் பையன் ஒருவன் சட்டையைப் பிடித்தான், உதறிவிட்டு ஓடினார். நாற்பத்தெட்டு வயசும் லாரி இருக்கையில் வளர்ந்த தொந்தியும் ஓடவிடவில்லை. செருப்பு ஒன்று கழன்று போனது. "தொர, முறுக்காத" என்று கத்தியது அவருக்கே கேட்கவில்லை. இரண்டு வண்டியும் அலறிக்கொண்டிருந்தன. ஓடிக்கொண்டே இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்கே தூக்கினார்.

தங்கதுரை பார்த்தான். பார்த்துவிட்டு முகத்தைச் சாலைக்குத் திருப்பிக்கொண்டான். நாலாவது தடவை. அவனைக் குற்றம் சொல்ல முடியாது.

பிரதீஷும் பார்த்தான். ஓடிவருகிற மனிதரை, ஒற்றைச் செருப்பை, தூக்கிய கைகளை ஒரு கணம் பார்த்தான். அட்டை அவன் கழுத்தில் இருந்தது. வண்டிக்கு முன்னால் வந்து நின்று, அவனும் தன் இரண்டு கையையும் குறுக்கே தூக்கினான்.

சத்தியம் சத்தியம்தான். தங்கதுரை கைப்பிடியை விட்டான். சத்தம் இறங்கவில்லை. கையை எடுத்த பிறகும் வண்டி கத்திக்கொண்டே நின்றது. அவன் கைப்பிடியைக் குனிந்து பார்த்தான். இடது கை கிளட்சை விடாமல் நெரித்துக்கொண்டிருக்க, வலது கையால் சாவியைத் திருப்பிய பிறகுதான் அடங்கியது. அதற்குள் கொடி விழுந்துவிட்டது. இஸ்மாயிலின் வண்டி மட்டும் கால் மைலையும் ஓடி முடித்தது.

இசக்கிமுத்து வந்து சேர்ந்து மூச்சு வாங்கினார். மஞ்சள் நுனி ஒன்று ரப்பருக்குள் இறங்கி இறுகியிருந்தது எல்லோருக்கும் தெரிந்தது.

தங்கதுரை ஹெல்மெட்டைக் கழற்றினான். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா கட்டினதா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். மாயம்மாள் அதையும் தலையில் போட்டுக்கொள்வாள். இருபது வருஷமாகப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

"இல்லடே. நான்தான்" என்றார். "இவனுக்குப் பயந்து கட்டினேன்."

பிரதீஷைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. குனிந்து முடிச்சைப் பிடித்துக்கொண்டார். நகம் ஏறவில்லை. காலையில் பார்த்துப் பார்த்துப் போட்ட மூன்று முடிச்சும் கிரீஸ் குடித்துக் கல்லாகியிருந்தன. நடுச்சாலையில், அத்தனை பேர் பார்க்க, அவர் கைப்பிடியில் வாயை வைத்துப் பல்லால் கடித்தார். மஞ்சளும் எண்ணெயும் கரிப்பாக நாக்கில் இறங்கின. முடிச்சு அசையவில்லை.

பக்கத்தில் ஒரு நிழல் வந்து விழுந்தது. வாயில் கயிற்றோடு அவர் கண்ணை மட்டும் தூக்கினார். பிரதீஷ் கட்டிங் பிளேயரை நீட்டிக்கொண்டு நின்றான், பிடி அவர் பக்கமாக இருக்கும்படி.