மிளகும் குளிசையும்

பராசக்தி மச்சாளின் சளியிலிருந்து வளர்த்த காசநோய்க் கிருமி, முட்டைக் கூழ் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் என் முன்னால் இருந்தது. மாவுத் தட்டுப்பாட்டால் அந்த வருடம் கியூவில் நின்று வாங்கிய பாணின் உலர்ந்த துகள்களைப் போலவே இருந்தது. அது இன்னும் மருந்துக்கு அடங்குமா என்பதைத்தான் நான் பார்க்க வேண்டும். அடங்காது என்றால் மச்சாளைக் கொழும்புப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள். வருடக்கணக்கில் அங்கேயே இருக்க வேண்டிவரும். அவளுடைய மகளுக்கு மூன்று வயது.

மச்சாள் என் அண்ணையின் மனைவி. நான் நெஞ்சுநோய் நிலையத்தின் ஆய்வுகூடத்தில் வேலை செய்தேன். மருந்துக் குளிசை போடத் தொடங்கிச் சில மாதங்களில் அவளுக்கு இருமல் நின்று கன்னத்தில் சதை வைத்தது. தை பிறந்ததும் மறுபடி இருமத் தொடங்கினாள். அரியாலையில் அவர்கள் வீட்டுக்குப் போய் விசாரித்தபோதுதான் விஷயம் வெளிவந்தது.

"கந்தசட்டிக்கு மிளகும் தண்ணியும் மட்டும்தானே, கமலா. குளிசை போட்டா விரதம் முறியாதோ?"

"அதுக்குப் பிறகு?"

"பிறகு பிள்ளையார் பெருங்கதை விரதம் வந்திட்டுது."

"அதுக்கும் பிறகு?"

"சுகமாத்தானே இருந்தன். திருவெம்பாவையையும் பிடிச்சு முடிப்பமெண்டு..."

"எல்லாச் சாமியளுக்கும் விரதம் பிடிச்சுக் கிருமிக்கு விருந்து வைச்சிருக்கிறியள், மச்சாள்."

அண்ணை சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

மருந்தை இப்படி விட்டு விட்டுப் போட்டால் கிருமிகளில் சில தப்பிப் பெருகும். தப்பியவற்றில் பல ஒரு புரதத்தை இழந்திருக்கும். அதற்குக் கற்றலேசு என்று பெயர். ஏன் அப்படி என்று அப்போது யாருக்கும் தெளிவாகத் தெரியாது. சோதனை மட்டும் எளிது. கிருமியில் சிறிதெடுத்து அதன்மேல் ஒரு துளி பரொக்சைட் விடவேண்டும். புரதம் இருந்தால் நுரைக்கும்; நுரைக்காவிட்டால் மருந்துக்கு அடங்காத கிருமியென்று சந்தேகிக்க வேண்டும்.

விட்டேன். நுரைக்கவில்லை.

எனக்குள் முதலில் எழுந்தது துக்கமல்ல. 'சொன்னேன்தானே' என்றொரு குரல். அதில் திருப்தி போன்ற ஏதோ ஒன்று இருந்தது. மச்சாளிடம் எனக்கு இவ்வளவு கோபம் இருந்ததா? கோபம் அவள்மீதா, அவள் நம்புவதுபோல் எதையும் நம்ப முடியாத என்மீதா? அதன்பிறகுதான் குழந்தை நினைவுக்கு வந்தாள். 

நிலையத்துக்குப் பொறுப்பான டொக்டர் செல்வரட்ணத்திடம் போய்ச் சொன்னேன். அவர் கேட்டது இதுதான்:

"மற்றக் குழாயையும் பாத்தனீரோ?"

எந்தச் சோதனையிலும் மருந்துக்கு அடங்குமென்று தெரிந்த கிருமியொன்றை முதலில் சோதிப்போம். சோதனை சரியாக வேலை செய்கிறதா என்று அறிய அதுதான் வழி. அன்று நான் மச்சாளின் குழாயைத் தவிர வேறெதையும் காணவில்லை.

"இல்லை, டொக்டர்."

"சொந்தக்காரற்றை சளியெண்டா இதுதான் கரைச்சல். போய்ப் பாரும்."

பார்த்தேன். நிச்சயமாக நுரைக்க வேண்டிய அந்தக் கிருமியும் சும்மா கிடந்தது. போத்தலைத் தூக்கிப் பார்த்தேன். யாரோ அதை யன்னலோரம் வைத்திருந்தார்கள். வெயிலில் பரொக்சைட் செத்து வெறும் தண்ணீராகியிருந்தது.

குளிர்ப்பெட்டியிலிருந்து புதுப்போத்தல் எடுத்தேன். தெரிந்த கிருமி நுரைத்தது. பிறகு மச்சாளின் கிருமியில் விட்டேன்.

ஒரு கணம் ஒன்றுமில்லை. அதன்பிறகு சின்னக் குமிழிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு நோய்க்கிருமி உயிர்ப்போடு பொங்குவதைப் பார்த்து மனம் குளிர்ந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அந்தத் திருப்திக் குரல் அடங்கியிருந்தது.

டொக்டரும் வந்து பார்த்தார்.

"முழுச் சோதனையும் முடிய இன்னும் ஒரு மாதம் செல்லும். ஆனா இப்பிடி நுரைச்சால் பயப்பிடத் தேவையில்லை. ஊசியும் பழைய குளிசையும் தொடருவம். ஆள் வீட்டிலையே இருக்கட்டும்."

பின்னேரமே அரியாலைக்குப் போனேன். செய்தியைக் கேட்டதும் மச்சாள் கைகூப்பினாள்.

"முருகன் கைவிடேல்லை."

"ஓம், இந்த முறை. அடுத்த கந்தசட்டிக்கு என்ன செய்யப் போறியள்?"

அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"மிளகோடை இன்னொரு மிளகா நினைச்சுக் குளிசையையும் விழுங்கினா என்ன? மிளகும் உருண்டை, குளிசையும் உருண்டை."

குளிசையொன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். 

"அப்ப இண்டையிலையிருந்தே மிளகு விரதத்தைத் தொடங்குங்கோ, மச்சாள்."

சிரித்தவளுக்கு இருமல் வந்தது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தி அப்பால் திரும்பினாள். இத்தனை நாளில் அந்தச் சத்தம் என்னைத் திடுக்கிட வைக்காதது அன்றுதான்.