போறேன் என்று சொன்னவன்

வாசகர்களைக் கூட வைத்துக்கொண்டு நாவல் எழுதுவதைப் போலப் புத்திகெட்ட வேலை வேறு இல்லை. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். விட்டுக்கொண்டவள் நான். திருச்செங்கோட்டில் இன்சூரன்ஸ் ஏஜென்டாக இருக்கிறேன். பாலிசி போட்டவர்களில் கதை படிக்கிற ஆட்களாகப் பார்த்து ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்து, வாரம் ஓர் அத்தியாயம் அனுப்பினேன். “தப்பிருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே திருத்துவோம்” என்று பெருந்தன்மையாக எழுதியும் வைத்தேன். சொல்லாமல் இருப்பார்களா?

ரிக் வண்டியில் வேலை பார்க்கிற தனபாலைப் பற்றிய நாவல் அது. ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போடுகிற வண்டி. வருசத்தில் முக்கால்வாசி நாள் சத்தீஸ்கரிலும் மத்தியப் பிரதேசத்திலும்தான் கிடப்பான். கடைசியில் அங்கேயே விபத்தில் செத்துப்போவான். அந்தச் சாவை நான் முதலிலேயே எழுதி வைத்துவிட்டேன். எழுதிவிட்டு நானே அழுதேன், அவ்வளவு நன்றாக வந்திருந்தது. அதற்கு ஒரு சூசகமாக இருக்கட்டும் என்று, அவன் வீட்டை விட்டுக் கிளம்பும்போது மனைவி பெரியநாயகியிடம் ஒரே ஒரு சொல் சொல்ல வைத்தேன். “போறேன்.”

அனுப்பிவிட்டுக் காப்பி குடித்து முடிக்கவில்லை, தனப்பிரியாவிடமிருந்து போன். எருமப்பட்டியில் பிறந்து இங்கே வாக்கப்பட்டவள். அவள் புருசன் வேலுமணி நிஜமாகவே ரிக்கில் டிரில்லர்.

“ஏனுங்கக்கா, ‘போறேன்’னு இருக்குதுங்க. கை தவறிப்போச்சாட்ட இருக்குது. ‘போய்ட்டு வாரேன்’னு மாத்திப் போடுங்க.”

“கை தவறல சாமி. வேணும்னுதான் போட்டேன்” என்று பெருமையாகச் சொன்னேன். என் வாயைத் தைக்க வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் குழுவே கொதித்தது. தனபாலைக் கொல்லப்போகிறேன் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. “பாலிசி விக்கறதுக்கு ஆளையே சாவடிக்கறீங்களா?” என்று ஒருத்தி கேட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அவள் பாலிசியையே கிழித்துப் போட்டிருப்பேன். சேலத்தில் துணிக்கடை வைத்திருக்கும் முகம்மது ஹனீப் பாய் மட்டும் என் பக்கம். “சாகட்டும்மா. செத்தாத்தான் கதை கனமா இருக்கும்” என்றார். அவரை ஆளாளுக்குப் பிடித்துக் காய்ச்சினார்கள்.

சரி, ஒரு சொல்தானே என்று “போய்ட்டு வாரேன்” என மாற்றி அனுப்பினேன். சாவை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று உள்ளுக்குள் ஒரு கள்ளத்தனம்.

மறுநாள் வேலுமணியே கூப்பிட்டார்.

“அக்கா, வியாழக்கிழமை நானு வண்டியேறோணுங்க. என்ற ஊட்டுக்காரி பேக்கை பீரோவுல வெச்சுப் பூட்டிப்போட்டா. உங்க கதையில போனவன் திரும்பி வந்தாத்தான் சாவி குடுப்பாளாமா. நான் வரலீன்னா ஓனரு வேற டிரில்லரைப் போட்டுக்குவாருங்க, இந்த சீசனே போயிரும். சீக்கிரம் அவனைக் கூட்டியாந்து உடுங்க.”

“அதான் மாத்திட்டனே!”

பின்னாலிருந்து தனப்பிரியாவின் குரல் வந்தது. “மாத்திப்போட்டா ஆச்சுங்களா? வாயில வந்தது வந்ததுதானுங்க. அவன் ஊடு வந்து சேரட்டும்.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஆனால் அவள் குரலில் இருந்த பயம் விளையாட்டு இல்லை. போனை வைத்துவிட்டுச் சாவு அத்தியாயத்தை எடுத்துப் படித்தேன். அது வெளிவந்தால்தான் நாலு பேர் என்னை எழுத்தாளர் என்று மதிப்பார்கள் என்று நம்பியிருந்தேன். அதற்காக ஒருத்தி வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு கிடக்க வேண்டுமா? அழித்தேன். சந்தோஷமாக ஒன்றும் இல்லை, வயிறெரிந்துகொண்டேதான் அழித்தேன்.

உடனே புதிதாக எழுதினேன். தனபால் பஸ்ஸை விட்டு இறங்கி வருகிறான். அவன் சின்ன மகள் “அப்பா!” என்று ஓடி வந்து கட்டிக்கொள்கிறாள். அனுப்பிவிட்டுப் பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

ஒருவருக்கும் பிடிக்கவில்லை. “எந்தப் புள்ளைங்க ஓடி வரும்?” என்று ஒருத்தி ஆரம்பித்தாள். பிறகு ரிக்கில் புருசன் இருக்கிற ஒவ்வொருத்தியும் பேசிப் பதிந்து அனுப்பினாள். எல்லார் வீட்டிலும் ஒரே கதைதான். குழந்தை அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். எட்டிப் பார்த்து, “யாரோ மாமா வந்திருக்குது” என்று சொல்லும். எல்லோரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். நான் அந்த ஓடி வருகிற மகளை அழித்துவிட்டு, பெரியநாயகியின் சேலைக்குப் பின்னால் ஒளிய வைத்தேன்.

அப்புறம் ஊர் கூடித் தேர் இழுத்தோம். வந்தவனுக்குக் கறி எடுக்க வேண்டும் என்றது பாதிக் குழு. மாசக்கணக்கில் ரொட்டி தின்றவனுக்கு ரசஞ்சோறுதான் இறங்கும் என்றது மீதிக் குழு. கடைசியில் இரண்டையும் போட்டேன். சாகட்டும் என்ற ஹனீப் பாய்கூட, தனபால் வாங்கி வருகிற சேலைக்கு வரிந்துகட்டிக்கொண்டு வந்தார். “பச்சை வேணாம்மா. மாம்பழக் கலர், அரக்கு பார்டர் போடு. அந்தப் பொண்ணுக்கு எடுப்பா இருக்கும்.” மாமா என்று ஒளிந்த மகள், அவன் சாப்பிடும்போது மெல்ல வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அவன் தட்டிலிருந்தே ஒரு துண்டு கறியை எடுத்துக்கொண்டாள். அது என் சொந்தச் சரக்கு. அதில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் பீரோ திறந்தது. வியாழக்கிழமை காலையில் வண்டிக்குப் பூசை போட்டு, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் நசுங்க வேலுமணி கிளம்பிப்போவதைத் தனப்பிரியா படம் எடுத்து அனுப்பியிருந்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அழித்துவிட்ட சாவு ஞாபகத்துக்கே வரவில்லை.

“அப்பறம் என்ன, முற்றும் போட்டறலாமா?” என்று அவளுக்கு எழுதினேன்.

“வேண்டாங்கக்கா. அவனை இனி எங்கியும் அனுப்பாதீங்க. ஊட்டுலயே வெச்சு எழுதுங்க. தெனமும் புருசன் ஊட்டுல இருந்தா எப்படி இருக்கும், என்ன பேசுவாங்க, எதுக்குச் சண்டை வரும்? எனக்கு அது தெரியாதுங்க. படிச்சுப் பாக்கோணும்.”

அப்போதே உட்கார்ந்து எழுதினேன். தனபால் பல் தேய்த்துவிட்டுக் குழாயை மூடாமல் போகிறான். ஈரத் துண்டைக் கட்டில் மேல் போடுகிறான். பெரியநாயகி அடுப்படியிலிருந்தே திட்டுகிறாள். அவ்வளவுதான், ஒரு பக்கம்கூட வராது. அதை அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. “பத்தாதுங்கக்கா. இன்னும் நல்லாத் திட்டச் சொல்லுங்க.”